கிழக்கு வீட்டுப் பிள்ளைகள்

சேவற்பாறைச் சிவன் கோயில் வாசல் மணிக்குக் கயிறு கிடையாது. கடைசி ஜமீன்தார் பிள்ளையில்லாமல் சென்னையில் செத்துப்போய்ப் பதினோரு வருஷமாகிறது, அவர் போன பிறகு அந்த மணியை அடிக்கவேண்டிய தேவை யாருக்கும் வரவில்லை, ஏனென்றால் ஜமீன் ரத்தம் பெரிய வாசல் நிலைப்படியைத் தாண்டும்போது மூன்று தரம் அடிக்கிற மணி அது, வேறு எதற்கும் அடிக்கிற மணியல்ல, பூசைக்கு உள்ளே தனியாக மணி இருக்கிறது. ஆக, கயிறு மழையில் நைந்து, எலி கடித்து, ஒருநாள் தானாக அறுந்து விழுந்தது, விழுந்த கயிற்றை யாரோ ஆடு கட்ட எடுத்துப் போனார்கள். அப்படிப்பட்ட மணிதான் ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், டீக்கடைச் சீனிப்பாண்டி தன் மகள் பரீட்சையில் தேறியதற்குச் சிதறுகாய் போட உள்ளே நுழைந்தபோது, மூன்று தரம் அடித்தது.

சீனிப்பாண்டி சட்டென்று ஒதுங்கி, தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, எந்தப் பெரிய மனுஷன் வருகிறான் என்று திரும்பிப் பார்த்தான். பின்னால் ஒரு ஆடு நின்றது. ஆட்டை உள்ளே விட்டுப் பார்த்தார்கள், மணி அடிக்கவில்லை. சீனிப்பாண்டியை வெளியே போய்த் திரும்ப வரச் சொன்னார்கள், அடித்தது.

அந்த வாரமே தபால் கொடுக்கிற பூமாரிக்கு அடித்தது, வாழைத்தோட்டத்து அண்ணன் தம்பி மூன்று பேருக்கும் அடித்தது, கோயில் பக்கமே தலைவைத்துப் படுக்காத தோழர் மாசிலாமணி தெப்பக்குளத்தைத் தூர் வாரச் சொல்லி மனு கொடுக்க வந்தபோது அவருக்கும் அடித்தது. அவருக்கு வந்த கோபத்துக்கு, இதெல்லாம் சும்மா என்று காட்டுவதற்காக நாலு தரம் உள்ளேயும் வெளியேயும் போய் வந்தார், நாலு தரமும் அடித்து மானத்தை வாங்கிவிட்டது. கயிறில்லாத மணி எப்படி அடிக்கும் என்று ஊரில் ஒருத்தராவது கேட்டார்களா என்றால், இல்லை. யாருக்கு அடித்தது, ஏன் அடித்தது, அவன் ஆத்தா எப்படிப்பட்டவள் என்றுதான் கேட்டார்கள்.

அதற்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் ஆவுடையம்மாள். கல்யாணத் தரகு அவள் தொழில். யாருக்கு யார் மாமன், யாருக்கு யார் பங்காளி, எந்த வீட்டில் எந்த வீட்டுக்குப் பெண் கொடுக்கலாம், எங்கே கொடுத்தால் அண்ணன் தங்கச்சி முறையாகி அசிங்கமாகிவிடும் என்று அவளைக் கேட்காமல் சுற்றுவட்டாரத்தில் யாரும் வெற்றிலை மாற்றுவதில்லை, அதனால் முறைக்காரி என்றே பெயர். அவளுடைய மாமியார் அதே தொழில் பார்த்து, வீட்டுக்கு ஒரு பக்கமாக ஊர் வம்சம் அத்தனையும் எழுதிவைத்துவிட்டுப் போன நீள நோட்டு ஒன்று அவளிடம் இருந்தது. சீனிப்பாண்டி வீட்டுப் பக்கத்தைப் புரட்டினாள். ஐந்து தலைமுறைக்கு முன்னால், பிள்ளை பிறந்தது என்று எழுதியிருக்கவேண்டிய இடத்தில், ‘கன்றும் பசுவும் வந்தது’ என்று எழுதியிருந்தது. பூமாரி வீட்டுப் பக்கத்தில் அதே வரி. தோழர் வீட்டுப் பக்கத்திலும் அதே வரி.

மாமியார் எப்போதோ அரைகுறையாகச் சொல்லிவைத்த கதை ஆவுடையம்மாளுக்கு இப்போது விளங்கிவிட்டது. அந்தக் காலத்தில் ஜமீனை ஆண்ட மருதப்ப ராயர், ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் செக்குக்காரர் மகள் காசியம்மை என்பவளைக் கூட்டிவந்து, கோயிலுக்கு எதிரே கிழக்கு வீட்டில் வைத்திருந்தார், தாலி கிடையாது, தட்டு மாற்றியது கிடையாது, அவளுக்கு ஏழு பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளையும் பால்குடி மறக்குமுன்பே பல்லக்கில் ஏற்றப்பட்டு, பிள்ளையில்லாத ஏதாவது ஒரு வீட்டில் இறக்கப்பட்டது, பிள்ளைக்குப் பாலுக்காகக் கன்றோடு ஒரு பசுவும் பின்னாலேயே ஓட்டிவரப்பட்டது, வாங்கிக்கொண்டவர்கள் வாயைத் திறப்பதில்லை என்று சாமி முன்னால் சத்தியம் செய்தார்கள். கோயில் கொடைத் திருவிழாவில் வருஷாவருஷம் ஜமீன் வம்சாவளியைச் சத்தமாக வாசிப்பார்கள், அதில் மருதப்ப ராயருக்குச் ‘சந்ததி ஒன்று’ என்றுதான் வரும், காசியம்மை என்ற பெயரே வராது, அவள் கோயில் நிலைப்படியை மிதிக்கவும் கூடாது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் மாமியார் இன்னொரு வரியும் எழுதியிருந்தாள்: ‘வாசல் மணி வார்த்தபோது கிழக்கு வீட்டிலிருந்து ஏழு பாலாடை வந்தது, உருக்கில் போட்டார்கள்.’ பிள்ளைக்குப் பால் புகட்டுகிற பாலாடை. அந்த வரியை ஆவுடையம்மாள் வாசித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிட்டாள்.

விஷயம் வெளியே வந்ததும் ஊர் என்ன பாடுபட்டது என்கிறீர்கள்! பழைய போட்டோவில் மாடு நின்ற வீடுகளெல்லாம் போட்டோவைக் கழற்றிப் பரணில் போட்டன. ‘எங்க தாத்தா மாடு வச்சதே இல்ல, எருமைதான்’ என்று கேட்காதவர்களிடமெல்லாம் போய்ச் சொன்னார்கள். பெரிய வாசல் வெறிச்சோடி, தெற்கு வாசலில் கூட்டம் நெருக்கியது. சில கெட்டிக்காரர்கள் இருபது பேராகச் சேர்ந்து ஒரே தள்ளாகப் பெரிய வாசலில் நுழைந்தார்கள், மணி அடித்தது, யாருக்கு அடித்தது என்று தெரியாமல் இருபது பேரும் ஒருத்தரையொருத்தர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு சாமி கும்பிட்டார்கள். பிறகு ஆடி பிறந்ததும் காற்று அப்படியே திரும்பியது. ராஜ ரத்தம் அல்லவா என்று ஒருத்தர் சொல்ல, அதுவரை தெற்கு வாசலில் பதுங்கிப் போனவர்களெல்லாம் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பெரிய வாசலில் வந்து, ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்து, காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். அடிக்காதவர்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார்கள்.

ரைஸ்மில் குருசாமிக்கு நடந்ததைத்தான் யாரும் மறக்கவில்லை. அவன் அண்ணனுக்கு அடித்தது, தம்பிக்கு அடித்தது, நடுவில் பிறந்த குருசாமிக்கு அடிக்கவில்லை. மூன்று தரம் போய்ப் பார்த்தான். வாசலில் நின்ற கூட்டம் ஒரு வார்த்தை பேசவில்லை, பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பான். அவனுடைய எண்பது வயதுத் தாயார் அன்றைக்கு உள்ளே போய்ப் படுத்தவள்தான், ஆவணியில் பிணமாகத்தான் வெளியே வந்தாள், கடைசிவரை அவளிடம் ஒருத்தரும் எதையும் கேட்கவில்லை, எல்லாருக்கும் தெரிந்த மாதிரி ஆகிவிட்டது.

இதற்குள் புதுச் சடங்கும் ஒன்று முளைத்திருந்தது. பெண் பார்ப்பதற்கும் நிச்சயத்துக்கும் நடுவில் வாசல் பார்ப்பது. இரண்டு வீட்டாரும் கோயிலுக்கு வந்து, பெண்ணையும் மாப்பிள்ளையையும் தனித்தனியாகப் பெரிய வாசலில் நடத்துவார்கள். இரண்டு பேருக்கும் மணி அடித்தால் அண்ணன் தங்கச்சி, கல்யாணம் கிடையாது. ஒருத்தருக்கு அடித்து ஒருத்தருக்கு அடிக்காவிட்டால் உத்தமம். ஐந்தே மாதத்தில் அது ஏதோ ஆதிகாலத்து வழக்கம் மாதிரி, அதற்கென்று தாம்பாளத்தில் வைக்கவேண்டிய பழம் எத்தனை என்றுகூட ஏற்பட்டுவிட்டது. இந்தப் பழக் கணக்கைச் சொன்னவளே ஆவுடையம்மாள்தான், தொழிலாயிற்றே.

அவளுடைய மகள் வடிவுக்கும், மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிற தளவாய்க்கும் தை மாதம் கல்யாணம் என்று பேசியிருந்தது. வடிவு பால் சொசைட்டியில் பால் பரிசோதிக்கிற வேலை பார்த்தாள், அவன் அங்கே மோட்டாரைச் சரிசெய்ய வந்து, சரியாக இருந்த மோட்டாரையும் நாலு தரம் சரிசெய்து, கடைசியில் அவன் அம்மா பேராச்சியைத் தாம்பாளத்தோடு அனுப்பினான். தளவாய்க்கு மணி அடிக்கவில்லை, அது எல்லாருக்கும் தெரியும். ஆவுடையம்மாளின் கொழுந்தன் வன்னியப்பனுக்கு ஆடியிலேயே மணி அடித்துவிட்டது, அவன் அல்வாப் பொட்டலத்தோடு ஓடிவந்து, “மைனி, நாம யாரு தெரியுமா? ராஜ வம்சம்! நாலாவது பசு நம்ம வீட்டுக்குத்தான் வந்திருக்கு! அண்ணன் இருந்து கேக்கக் குடுத்துவைக்கலையே!” என்று குதித்தான். செத்துப்போன சங்கரபாகத்தின் தம்பிக்கு அடித்தால் சங்கரபாகத்தின் மகளுக்கும் அடிக்கும். ஊருக்கு அதில் சந்தேகமே இல்லை.

ஆவுடையம்மாள் அல்வாப் பொட்டலத்தைப் பிரிக்காமலே அடுப்படியில் வைத்தாள். வடிவு அவள் வயிற்றில் பிறந்தவளல்ல, சங்கரபாகத்துக்குப் பிறந்தவளுமல்ல. கல்யாணமாகி ஒன்பது வருஷம் வயிறு திறக்காமல், ஊர் வாய்க்குப் பயந்து புருஷனும் பெண்டாட்டியும் தூத்துக்குடி உப்பளத்து வேலைக்குப் போய் மூன்று வருஷம் இருந்தார்கள், அங்கே பக்கத்துக் குடிசையில் செல்லக்கனி என்று ஒருத்தி, புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, நாலு பிள்ளைகளோடு ஐந்தாவதை மடியில் வைத்துக்கொண்டு, உப்பு வாரிப் புண்ணான காலோடு நின்றாள். மூன்று மாதக் குழந்தையை ஆவுடையம்மாள் கையில் கொடுத்தபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று. “வருசத்துக்கு ஒருக்கா ஒரு காகிதம் போடுங்கக்கா. பிள்ள நல்லாருக்குன்னு ஒரு வரி போதும்.” போடுகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினவள், இருபத்துநாலு வருஷத்தில் ஒரு காகிதம் போடவில்லை. போட்டால் பதில் வரும், பதில் வந்தால் தபால்காரருக்குத் தெரியும், அப்புறம் ஊருக்குத் தெரியும், வடிவுக்குத் தெரியும்.

இப்போது மணி அடிக்காமல் இருந்தால்? ஒன்று, ஆவுடையம்மாள் நடத்தை கெட்டவள் என்று ஊர் நினைக்கும், குருசாமியின் தாயாரை நினைத்த மாதிரி. அதையாவது தாங்கலாம். இல்லை, உண்மையைச் சொன்னால், எந்த ஊர்ப் பிள்ளை, என்ன சாதிப் பிள்ளை என்று பேராச்சி தாம்பாளத்தைத் திருப்பி அனுப்புவாள், அதைவிட, வடிவு தன்னை எப்படிப் பார்ப்பாள்? ‘இத்தனை வருசம் பொய் சொன்னியாம்மா’ என்று ஒரு பார்வை பார்த்தால் தன் உயிர் அங்கேயே போய்விடும் என்று ஆவுடையம்மாள் பயந்தாள்.

அதுவரை வடிவைப் பெரிய வாசல் பக்கம் விடாமலே வைத்திருந்தவள், எத்தனையோ சாக்குச் சொல்லிப் பார்த்தாள். ரிஜிஸ்தர் கல்யாணம் பண்ணினால் என்ன என்றாள். மணியின் கொக்கி தேய்ந்திருக்கிறது, யார் தலையிலாவது விழுந்து தொலைக்கப்போகிறது, இறக்கி வையுங்கள் என்று குருக்களிடம் போய்ச் சொன்னாள். குருக்கள் கொக்கியைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு பேராச்சி நேரில் வந்தாள். “ஆவுடையக்கா, ஊரு வீட்டுப் பிள்ளைங்கள எல்லாம் வாசல் பாக்க வச்ச ஆளு நீங்க. உங்க பிள்ளைக்குன்னு வரும்போது என்னத்துக்குப் பின்வாங்குதீங்க?”

“பின்வாங்கல. வன்னியப்பனுக்குத்தான் அடிச்சாச்சே, அப்புறம் என்ன?”

“கொழுந்தனாருக்கு அடிச்சா கொழுந்தனாருக்கு. என் மருமகளுக்கு அடிக்கறத நான் என் காதால கேக்கணும்.” பேராச்சி எழுந்து, சேலையை உதறிக்கொண்டு, கொல்லையில் நின்ற மாட்டை ஒரு பார்வை பார்த்தாள். “நல்ல மாடு. எத்தனாவது ஈத்து?”

ஆவுடையம்மாள் மாட்டுக்கும் அவளுக்கும் நடுவில் போய் நின்றாள். “நாலாவது கன்னு,” என்றாள். ஊரில் அத்தனை வீட்டு மாட்டையும் துருவித் துருவிக் கேட்டவள் வீட்டு மாட்டைப் பற்றி அதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.

ஐப்பசி இரண்டாவது புதன்கிழமை, காலை ஒன்பது மணிக்கு வாசல் பார்ப்பது என்று ஆயிற்று. முறைக்காரி வீட்டு விசேஷம் என்பதால் பாதி ஊர் வந்துவிட்டது. முதலில் தளவாய் நடந்தான், மணி சும்மா இருந்தது, பேராச்சி திருப்தியாகத் தலையாட்டினாள். பிறகு வடிவு, மாம்பழ நிறப் பட்டுச்சேலையில், சிரித்துக்கொண்டே வந்து, குனிந்து நிலைப்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வலது காலை உள்ளே வைத்தாள்.

மணி அடிக்கவில்லை.

வடிவு இடது காலையும் வைத்தாள். மணிக்கு நேர் கீழே வந்தாள், மணியைக் கடந்தாள், பலிபீடம் வரை போனாள், மணி அடிக்கவில்லை, அவள் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது, வன்னியப்பன் அண்ணாந்து பார்த்தான், பேராச்சி அண்ணாந்து பார்க்கவில்லை, நேராக ஆவுடையம்மாளைப் பார்த்தாள், பேராச்சி பார்த்ததைக் கண்டு மற்றவர்களும் திரும்பி ஆவுடையம்மாளைப் பார்த்தார்கள். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ரைஸ்மில் குருசாமி மட்டும் தலையைக் குனிந்துகொண்டான். அந்த ஒரு நொடியில் ஆவுடையம்மாளுக்கு, போதும், இனிமேல் என்னால் முடியாது என்று ஆகிவிட்டது. வாயைத் திறந்து, “நான் பெறல—” என்று ஆரம்பித்தாள்.

மணி அடித்தது. மூன்று தரம். அவள் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

“அடிச்சிட்டு! அடிச்சிட்டு!” என்று வன்னியப்பன் கத்தினான். பெண்பிள்ளை என்பதால் மணி கொஞ்சம் யோசித்தது என்று ஒருத்தர் சொன்னார், வேறு ஒருத்தர் ஆமாம் என்றார், அதோடு அந்த விஷயம் முடிந்தது. பேராச்சி ஆவுடையம்மாளின் கையைப் பிடித்து, “மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதீங்க சம்பந்தி,” என்றாள். எல்லாரும் பந்திக்குப் போன பிறகும் ஆவுடையம்மாள் மணிக்குக் கீழேயே நின்றாள். மணியின் நாக்கு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

இனிப் பயமில்லை, ரகசியம் தப்பித்தது. ஆனால் சந்தேகம் இப்போதுதான் பிடித்தது. வன்னியப்பன் கல்லை விட்டு எறிந்திருப்பானோ என்று நினைத்து, மண்டபம் முழுக்கக் கல்லைத் தேடினாள், ஒரு கல் இல்லை. குருக்களைச் சந்தேகப்பட்டாள், அவர் அப்போது கர்ப்பக்கிரகத்தில் இருந்ததைப் பத்துப் பேர் பார்த்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து, கையைக் கழுவிக்கொண்டு, சுவரில் மாலை போட்டு மாட்டியிருந்த புருஷன் படத்தை எதேச்சையாகப் பார்த்தபோது, நெஞ்சில் ஒரு இடி விழுந்தது. ஜமீன் ரத்தத்துக்கு அடிக்கிற மணி. செல்லக்கனிக்குப் புருஷன் இல்லை. உப்பளத்தில் இவருக்கு ராத்திரிக் காவல் வேலை. பிள்ளையைக் கொண்டுவரலாம் என்று முதலில் சொன்னது யார்? இவர்தானே! அட பாவி மனுஷா, என்று வாய்விட்டுச் சொன்னாள். படத்திலிருந்த மாலையைக் கழற்றினாள். மூன்று நாள் விளக்கேற்றவில்லை, வடிவு காரணம் கேட்டதற்கு எண்ணெய் இல்லை என்றாள்.

நாலாம் நாள் வேறு யாருக்கோ முறை பார்க்க நோட்டை எடுத்தவள், கடைசிப் பக்கத்தில் மறுபடி அந்த வரியைப் பார்த்தாள். கிழக்கு வீட்டிலிருந்து ஏழு பாலாடை. இந்தத் தரம் அவளால் பக்கத்தைத் திருப்ப முடியவில்லை. பிள்ளை போன பிறகு, பால் கட்டிய மார்போடு, பாலாடையை வைத்துக்கொண்டு ஒருத்தி என்ன செய்வாள்? ஏழு தரம் அதைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, எதிரே கோயிலுக்கு வருகிறவர்கள் இடுப்பிலெல்லாம் தன் பிள்ளை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்த மணிக்குள் ராயர் எங்கே இருக்கிறார்? அவர் பெயர் வெளியேதான் வெட்டியிருக்கிறது. உள்ளே இருப்பது அவள் போட்ட வெண்கலம். ஐந்து மாதமாக ஊரே ராயர் கூப்பிடுகிறார் ராயர் கூப்பிடுகிறார் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றதே, கூப்பிட்டது அவராக இல்லாமல் அவளாக இருந்தால்? அவளுக்கு யார் ரத்தம் என்பதா பெரிசு? கொடுக்கப்பட்ட பிள்ளை என்றால் போதாதா?

புருஷன் துரோகம் செய்தாரா, காசியம்மை கூப்பிட்டாளா, எது நிஜம் என்று ஆவுடையம்மாளுக்குத் தெரியவில்லை, இன்றுவரை தெரியாது. ஆனால் எப்படிப் பார்த்தாலும் ஒன்று மட்டும் மாறவில்லை. பெற்றவள் செல்லக்கனி. அவள் பெயர் எந்த நோட்டிலும் இல்லை. கொடைக்குக் கொடை வம்சாவளி வாசித்துக் காசியம்மை பெயரை விட்டவர்களை மனசுக்குள் திட்டிக்கொண்டே, தானும் அதையேதான் செய்திருக்கிறோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

புதுப் பக்கம் ஒன்றைத் திருப்பி, மேலே ‘காசியம்மை’ என்று எழுதினாள். கீழே ஏழு பிள்ளைகளையும், அவர்கள் போன வீடுகளையும், ஒவ்வொரு வீட்டு வம்சத்தையும் இன்றைய தேதிவரை இறக்கினாள், அதற்கே மத்தியானம் ஆயிற்று. ஏழாவதுக்குக் கீழே கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு எழுதினாள்: ‘எட்டாவது, வடிவு. பெற்றவள் செல்லக்கனி, உப்பளம். வந்த வீடு ஆவுடையம்மாள் வீடு.’

எழுதி முடித்து, வடிவைக் கூப்பிட்டு, நோட்டை அவள் கையில் கொடுத்தாள். வடிவு கல்யாணப் பத்திரிகைக் கட்டைக் கீழே வைத்துவிட்டு, விரலை வைத்து மேலிருந்து வாசித்துக்கொண்டே வந்தாள்.

“தப்பா எழுதியிருக்கம்மா. நான் நாலாவது வழியிலல்லா வரணும், அப்பா வழியில?”

“தப்பில்ல, பிள்ள. உக்காரு. சொல்லுதேன்.”

சொன்னாள். உப்பளத்தைச் சொன்னாள், புண்ணான காலைச் சொன்னாள், போடாத காகிதத்தைச் சொன்னாள், புருஷன் மேல் வந்த சந்தேகத்தைக்கூட மறைக்காமல் சொன்னாள், சொல்லும்போது மகள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வராமல் கொல்லையைப் பார்த்தே சொன்னாள். அங்கே மாடு வைக்கோல் இழுத்துக்கொண்டிருந்தது.

வடிவும் மாட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். “என் கூட மாடு வந்துச்சாம்மா?” என்றாள்.

“இல்ல. அவகிட்ட ஏது மாடு. எனக்கும் பால் கிடையாதே. ஊருக்கு வந்த மறுநாளே நான் வாங்கினேன். இதோட பாட்டி அது.” கொல்லைப் பக்கம் கையைக் காட்டினாள். “ஊருல எல்லா வீட்டு மாட்டையும் கேட்டேன். என் வீட்டு மாட்ட யாராவது கேட்டுருவாங்களோன்னு தினம் பயந்தேன்.”

வடிவு எழுந்தாள். போய்விடப்போகிறாள் என்று ஆவுடையம்மாளும் கூடவே எழுந்தாள். வடிவு பத்திரிகைக் கட்டின் மேலே இருந்த ஒன்றை எடுத்து, அம்மா கையிலிருந்த பேனாவை வாங்கி, உறையில் பேர் எழுத அதை நோட்டின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“தளவாய்ட்டயும் அவங்கம்மாட்டயும் நான் பேசிக்கிடுதேன். வேணும்னா கட்டட்டும், வேண்டாம்னா போகட்டும்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அவங்க பேரு செல்லக்கனின்னு சொன்ன. இனிஷியல் என்ன?”

ஊரில் அத்தனை பேர் வம்சமும் ஐந்து தலைமுறைக்குத் தெரிந்த முறைக்காரிக்கு அது தெரியவில்லை.

“கேக்கவே இல்லையே, பிள்ள,” என்று சொல்லி, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

வடிவு பேனாவை மூடினாள். “சரி, நேர்ல போயிக் கேப்போம்,” என்றாள். “நீயும் வா.”